காசிமேட்டிலிருந்து லடாக், அப்புறம் தார் பாலைவனம்: தனியாக டூ வீலரில் போகத் திட்டம் போடுவது எப்படி

மீன்பிடித் தடைக்காலம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்து நின்றான். காசிமேட்டில் விசைப்படகில் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறவன். "அண்ணா, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் சும்மாதான் இருக்கப்போறேன். வண்டி இருக்கு. ராஜஸ்தான் மணலையும் லடாக் மலையையும் ஒரே மூச்சுல பாத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டான். அந்த மாதத்தில் வேண்டாம் என்றேன். அன்றைக்கு அவனிடம் ஒரு மணி நேரம் பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் வட சென்னையிலிருந்து இப்படிக் கிளம்ப நினைக்கிற பலர் முதலில் வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள், பிறகு பையைப் பற்றிக் கேட்கிறார்கள், காலண்டரைப் பற்றி மட்டும் கேட்பதே இல்லை.

முதலில் காலண்டர்தான். தார் பாலைவனத்துக்கு நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. லடாக்குக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. இரண்டும் ஒட்டவே ஒட்டாது. மே மாதத்தில் ராஜஸ்தான் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு எண் போதும்: பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் பதிவானது. பிக்கானேரிலிருந்து ஜெய்சல்மர் போகிற வழியில்தான் அந்த ஊர் இருக்கிறது. சரி, ஜனவரியில் போகலாம் என்றால் மணாலி-லே சாலை பனியில் மூடிக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் லடாக் நன்றாக இருக்கும், ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியில் ஜம்முவிலும் இமாச்சலிலும் மழையில் மலை சரிந்து சாலை நாள் கணக்கில் அடைபடும்.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமென்றால் நான் கண்ட ஒரே வழி செப்டம்பர் முதல் வாரத்தில் கிளம்பி, மலையை முதலில் முடித்துவிட்டு, இறங்கி வந்து மணலுக்குப் போவது. தென்மேற்குப் பருவமழை மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்குவது வழக்கமாக செப்டம்பர் 17 வாக்கில். அந்தச் சமயத்தில் நீங்கள் லேயில் இருப்பீர்கள். மாதக் கடைசியில் மணாலி வழியாக இறங்கி, அக்டோபர் முதல் வாரம் ஜெய்சல்மர். அப்போதும் பகலில் 37, 38 டிகிரி அடிக்கும், ஆனால் நமக்குப் பழகிய அளவுதான், ராத்திரி குளிர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை நம் ஊரில் இறங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. அதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். 35 நாள் வேண்டும், 40 இருந்தால் நிம்மதி.

அந்தத் தம்பிக்கு அந்த 61 நாளைத் தவிர லீவு கிடையாது. அவனுக்குச் சொன்னது வேறு. மணலை விட்டுவிடு, மலை மட்டும் போ. மே கடைசியில் கிளம்பு. விஜயவாடாவும் நாக்பூரும் அப்போது கொதிக்கும், அதனால் வண்டியை சென்ட்ரலில் பார்சல் போட்டு ஜம்மு வரை ரயிலில் அனுப்பு, அங்கிருந்து ஓட்டு. பார்சலுக்கு ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள், டேங்கில் சொட்டுப் பெட்ரோல் இருக்கக்கூடாது, சாக்கு வைத்துக் கட்டி எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் மணாலி பக்கம் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் போவதும் ஸ்ரீநகர், வருவதும் ஸ்ரீநகர்.

இனி செப்டம்பர் கணக்குப்படி பாதை. மாதவரம் தாண்டி ஜி.என்.டி. ரோடு, அதாவது 16ஆம் எண் நெடுஞ்சாலை, நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா. அங்கே மேற்கே திரும்பி ஹைதராபாத். அதற்கு மேல் 44ஆம் எண் சாலையைப் பிடித்தால் நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு, ஸ்ரீநகர் என்று ஒரே கோடாகப் போகும். பிறகு சோஜி லா (லா என்றால் கணவாய்) ஏறி, திராஸ், கார்கில், லே. திரும்பும்போது லேயிலிருந்து மணாலி, சண்டிகர், பிக்கானேர், ஜெய்சல்மர், பார்மர், அகமதாபாத், அங்கிருந்து 48ஆம் எண் சாலை மும்பை, புனே, ஹூப்ளி, பெங்களூர் வழியாக நம் ஊருக்கே கொண்டுவந்து விடும். மொத்தம் 7,500 கிலோமீட்டருக்குக் குறையாது, அக்கம்பக்கம் சுற்றினால் 8,000 தாண்டும். மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயில் டூ வீலருக்கு அனுமதி இல்லை, லோனாவாலா வழியாகப் பழைய சாலை. மேப்பில் டூ வீலர் என்று மாற்றி வைக்காவிட்டால் அது உங்களை எக்ஸ்பிரஸ்வேயில் கொண்டுபோய் நிறுத்தும்.

சமவெளியில் ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். மலையில் 100லிருந்து 200. தனியாகப் போகிறவருக்குப் பின்னாலிருந்து "தூங்காதே" என்று தட்ட ஆள் கிடையாது, அந்த ஒரு காரணமே போதும்.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நாம் பிறந்து வளர்ந்தது கடல் மட்டத்தில். ஊட்டியில் தொட்டபெட்டா ஏறியதுதான் நம்மில் பலருக்கு அதிகபட்ச உயரம், அது 2,637 மீட்டர். லே ஊரே 3,500 மீட்டரில் இருக்கிறது. தங்லங் லா, கர்துங் லா எல்லாம் 5,300 மீட்டரைத் தாண்டும், அங்கே காற்றழுத்தம் காசிமேட்டில் இருப்பதில் பாதிதான். ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனும் பாதி. வயசு, உடம்பு பலம், கடலில் வலை இழுத்த கை என்று எதையும் அது பார்க்காது.

2019இல் நான் முதல் தடவை போனபோது மணாலி வழியாக ஏறினேன். அப்போது அடல் சுரங்கம் கிடையாது, அது 2020 அக்டோபரில்தான் திறந்தது, அதனால் ரோதாங் கணவாய் ஏறி இறங்கி, மறுபடி ஏறி, ஒரே நாளில் சர்ச்சுவில் ஒரு கூடாரத்தில் போய்ப் படுத்தேன். மணாலி சுமார் 2,050 மீட்டர், சர்ச்சு சுமார் 4,290. ராத்திரி தலை பிளந்தது, வாந்தி. விடிந்ததும் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தேன். ஆறு வயதிலிருந்து கட்டுகிற முடிச்சு. ஒரு கையில் ஒரு நுனி, இன்னொரு கையில் இன்னொரு நுனி, அடுத்து எதை எதன் மேல் போட வேண்டும் என்று தெரியவில்லை. கூடாரக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்காமல், அந்தப் பக்கம் போன ஒரு டெம்போவை நிறுத்தி, என்னை ஏற்றிக் கீழே கேலாங்குக்கு அனுப்பினார். சர்ச்சுவில் மாட்டினால் உள்ள ஆபத்து இதுதான்: கீழே இறங்க வேண்டுமென்றாலும் முதலில் பாரலாச்சா லா, கிட்டத்தட்ட 4,900 மீட்டர், ஏறித்தான் இறங்க முடியும். லே பக்கம் போனால் 5,000ஐத் தாண்டுகிற லாச்சுலுங் லா. நடுவில் ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் அதைவிட உயரம். அந்த மனிதர் இல்லையென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதனால்தான் ஸ்ரீநகர் வழியாக ஏறச் சொல்கிறேன். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், அடுத்த ராத்திரி கார்கில் 2,700 வாக்கில், அதற்கடுத்து லே 3,500. பகலில் எவ்வளவு உயரம் போனாலும் பரவாயில்லை, ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் கணக்கு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொது விதி. கார்கிலிலிருந்து லே அதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், அதனால் லே போனதும் இரண்டு முழு நாள் வண்டியைத் தொடக்கூடாது. வெந்நீர் குடித்துக்கொண்டு மெதுவாகக் கடைத்தெருவில் நடந்தால் போதும், சாராயம் தொடவே வேண்டாம். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள் கட்டாயம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். தலைவலியோடு நடை தடுமாறினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அங்கேயே படுத்து ஓய்வெடுப்போம் என்று நினைக்காதீர்கள். உடனே கீழே இறங்க வேண்டும், வண்டியை விட்டுவிட்டாவது. இன்னொன்று, குளிருக்குப் பயந்து கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அந்தப் புகையில் இருக்கிற விஷவாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே முடித்துவிடும்.

இப்போது பெட்ரோல். போட்டில் தங்கலுக்குப் போகிறவர்கள் எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு டீசல், எத்தனை கட்டி ஐஸ், எத்தனை கேன் தண்ணீர் என்று எண்ணிப் பார்க்காமல் கயிறை அவிழ்க்க மாட்டார்கள். அதே புத்திதான் இங்கேயும் வேண்டும். லே பக்கத்திலிருந்து மணாலிக்குக் கிளம்பினால் காரு என்ற ஊரில் ஒரு பங்க் இருக்கிறது, அதை விட்டால் அடுத்து கேலாங் பக்கத்துத் தண்டி. நடுவில் 330 கிலோமீட்டருக்குப் பங்க் இல்லை. 350 சிசி வண்டியில் 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 என்று வைத்தால் 390 கிலோமீட்டர் வரும், போதும் போலத் தெரியும். ஆனால் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் சுமையோடு ஏறும்போது அந்த 30 வராது. ஐந்து லிட்டர் கேன் ஒன்று, மூடி கசியாததாக, தகரம் அல்லது பெட்ரோலுக்கென்றே செய்தது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பைக்குள் வைப்பது வேண்டவே வேண்டாம். பழைய கார்பரேட்டர் வண்டியாக இருந்தால் உயரத்தில் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகி அடைத்துக்கொண்டு திணறும், பிஎஸ் 6 வண்டிகளில் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் அதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

எந்த வண்டி என்று கேட்டால், உங்களிடம் இருக்கிற வண்டி. நான் புல்லட்டில் போனேன், திருவொற்றியூரில் புல்லட் ஆலை இருந்த தெருக்களில் வளர்ந்தவனுக்கு வேறு எதுவும் மனசில் ஏறாது, தவிர அதன் உள்ளுறுப்புகள் தெரிந்த மெக்கானிக் எந்தச் சின்ன ஊரிலும் கிடைப்பார். ஆனால் 150 சிசியில் போய் வந்தவர்களையும் லேயில் பார்த்தேன். முக்கியம், உங்கள் வண்டியை உங்கள் கையால் பிரித்துப் பூட்டத் தெரிய வேண்டும். கிளம்புவதற்கு முன் தண்டையார்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் கடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பின் சக்கரத்தைக் கழற்றி, டியூபை எடுத்து, ஒட்டி, திரும்ப மாட்டினேன். முதல் ஞாயிறு இரண்டு மணி நேரம் ஆனது. மூன்றாவது ஞாயிறு நாற்பது நிமிடம்.

அது பலித்தது 2022இல், பொக்ரானுக்கு இந்தப் பக்கம். மதியம் மூன்று மணி, பின் டயரில் கருவேல முள், அரை விரல் நீளம். சுற்றிலும் ஒரு மரத்தின் நிழல்கூட இல்லை. டயர் லிவரை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நட்டைக் கழற்றித் திரும்புவதற்குள் லிவர் தொட முடியாதபடி சுட்டது, துண்டைச் சுற்றித்தான் பிடித்தேன். முள்ளை எடுத்ததோடு நிற்காமல் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். இன்னொரு முள் முனை இருந்தது. அதைப் பார்க்காமல் புது டியூபைப் போட்டிருந்தால் பத்து கிலோமீட்டரில் மறுபடி உட்கார்ந்திருப்பேன். டியூப் டயர் என்றால் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று ஸ்பேர் டியூப், இரண்டு லிவர், கைப்பம்பு. டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட். கூடவே கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பிரேக் ஷூ அல்லது பேட், பல்பு, ஃபியூஸ், செயின் லிங்க், எம்-சீல், கேபிள் டை. புது கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்தே ஓட்டிக் கட்டி வைத்துவிட்டால், அறுந்த இடத்தில் இரண்டு முனையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை.

மலையில் ஓட்டுவதற்கு: விடியற்காலையில் கிளம்புங்கள். சாலையைக் கடந்து ஓடுகிற ஓடைகளெல்லாம் பனி உருகிய தண்ணீர், காலையில் கணுக்கால் அளவு இருப்பது வெயில் ஏற ஏற மதியத்துக்கு மேல் முழங்காலுக்கு வந்துவிடும். ஆனால் செப்டம்பர் கடைசியில் நிழல் விழுகிற வளைவுகளில் காலையில் கண்ணாடி மாதிரி பனிப்படலம் இருக்கும், அதனால் சூரியன் சாலையைத் தொடும்வரை ஊர்ந்துதான் போக வேண்டும். இறக்கத்தில் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், அது சட்டமும்கூட. லேயிலிருந்து மணாலிக்கு மூன்று நாள் வையுங்கள். சர்ச்சு, பாங் கூடாரங்களை செப்டம்பர் பிற்பாதியிலிருந்து பிரிக்க ஆரம்பிப்பார்கள், எது திறந்திருக்கிறது என்று லேயிலேயே லாரி டிரைவர்களிடம் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி போவதற்கான அனுமதி, கட்டண விதிகள் அடிக்கடி மாறும், அதையும் லேயில் ஓய்வெடுக்கும் அந்த இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

மணலில் பயப்பட வேண்டியது வேறு. காற்று மணலைக் கொண்டுவந்து சாலையின் குறுக்கே பரப்பியிருக்கும், லோங்கேவாலா பக்கம் நன்றாகப் பார்க்கலாம். அதைக் கண்டதும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், மேலே ஏறிய பிறகு முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி படுத்துவிடும். பொழுது சாய்ந்தால் ஒட்டகமும் மாடும் சாலையில் நிற்கும், ஆறு மணிக்கு மேல் ஓட்டாதீர்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி பதினொன்றுக்கு நிழலில் நின்று, மறுபடி நாலு மணிக்குக் கிளம்பினால் போதும். காற்று நம் உடம்புச் சூட்டைத் தாண்டிவிட்டால் ஹெல்மெட் கண்ணாடியைத் திறப்பதால் குளிராது, இன்னும் காயும். முழுக்கைச் சட்டையை நனைத்துப் போட்டு மேலே ஜாக்கெட்டை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பாக்கெட், தாகம் எடுக்கும் முன்பே குடிப்பது. ஜெய்சல்மரிலிருந்து தனோட் கோயில் 120 கிலோமீட்டர், டேங்கை ஜெய்சல்மரிலேயே நிரப்பிவிடுங்கள். அந்தக் கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையினர்தான் பார்த்துக்கொள்கிறார்கள், அதற்கு அப்பால் எல்லைப் பக்கம் அனுமதி இல்லாமல் போக முடியாது.

இந்தி தெரியாதே என்று தயங்குகிறவர்கள் சௌகார்பேட்டைக்குப் போங்கள். மின்ட் தெருவில் எனக்குப் பழக்கமான துணிக்கடைக்காரர் ஜாலோர் பக்கத்துக்காரர். நான் போகப்போவதைச் சொன்னதும் பஞ்சர் கடை எங்கே, ராத்திரி தங்க இடம் உண்டா, குடிக்கத் தண்ணீர் வேண்டும், உடம்பு சரியில்லை என்று இருபது வாக்கியம் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தார். தர்மசாலைகளில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பல இடங்களில் சைவம் மட்டும்தான், பையில் கருவாடு இருந்தால்கூட மனசு கோணும்.

செலவு, என் கணக்கில்: 8,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் பெட்ரோல், 25,000 ரூபாய் ஆகும். தங்க ராத்திரிக்கு 900 வைத்தால் 35 ராத்திரிக்கு 31,500. சாப்பாடு 15,000. டயர், ஆயில், சில்லறை வேலை 10,000. தொடாமல் தனியாக 20,000. நெடுஞ்சாலை டோலில் டூ வீலருக்குக் கட்டணம் இல்லை. லேயிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், மணாலி வரை அதுதான் ஓடும். லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் காகிதமாகவும் இருக்கட்டும், சிக்னல் இல்லாத செக்போஸ்டில் போனில் இருப்பதைக் காட்ட முடியாது.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது. நம் ஊர் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. கிளம்ப ஒரு மாதம் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். சாட்டிலைட் போன் வாங்கிக்கொண்டு போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம், எல்லைப் பகுதியில் பிடிபட்டால் பெரிய வம்பு. அதனால் வீட்டில் ஒருவர் வேண்டும். எனக்கு என் அக்கா. ஒரு நோட்டில் தேதிவாரியாக எந்த ஊரில் படுக்கிறேன், எந்த லாட்ஜ், அதன் நம்பர், அந்த மாவட்டப் போலீஸ் கட்டுப்பாட்டு அறை நம்பர், வண்டி நம்பர், ரத்த வகை எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தேன். ராத்திரி எட்டுக்குள் என் போன் வராவிட்டால் லாட்ஜுக்குப் போடு, காலை பத்து வரை தெரியாவிட்டால் அந்த மாவட்டப் போலீஸுக்குப் போடு என்று பேசி வைத்தோம். சென்னையிலிருந்து 112 அடித்தால் நம் மாநிலத்துக்குத்தான் போகும், அதனால்தான் அந்த ஊர் நம்பர் வேண்டும். லே-மணாலி வழியில் சிக்னலை நம்ப முடியாது, "மூணு நாள் போன் வராது, பயப்படாதே" என்று முன்பே சொல்லிவிட்டேன். அந்த மூன்று நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை என்று திரும்பி வந்த பிறகுதான் சொன்னாள். அதனால் அடுத்த தடவை கேலாங் வந்ததும் வண்டியை நிறுத்தாமலேயே முதல் வேலையாகப் போனை எடுக்கத் துடிக்காமல், ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் நிதானமாக அவளிடம் பேசுவேன்.

கிளம்பும் நாள் அதிகாலை நாலு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் ரோட்டிலும் மணலி பக்கமும் வரிசை கட்டும் முன் ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்துவிட வேண்டும். முதல் நாளே விஜயவாடா போகலாம்தான், நான் ஓங்கோலோடு நிறுத்தச் சொல்வேன், 300 கிலோமீட்டருக்குள். அங்கே சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பைகளை அவிழ்த்து, எந்தக் கயிறு தளர்ந்தது, எந்தப் பை சைலன்சரில் உரசிக் கருகியது என்று பார்த்து மறுபடி கட்டுங்கள். மூன்று நாளைக்கு வேண்டிய துணி போதும், மீதியை மறுநாள் காலை தபாலாபீஸில் பார்சல் போட்டு வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள்.